எல்லாரும் பச்சை அடிக்கிறாங்க, டெஸ்ட்ல வரமாட்டேங்குது – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்க தளத்துல கல்வி பத்தி வர்றதெல்லாம் ரொம்ப நாளா வாசிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவை. ஆறாவது ஏழாவதுக்கு கணக்கு எடுக்கிறேன். எங்க ஸ்கூல்ல ஒவ்வொரு பாடத்துக்கும் போர்டுல கற்றல் நோக்கம் எழுதணும், பசங்க அத நோட்ல எழுதிக்கணும், சாப்டர் முடியுற அன்னைக்கு ஒரு ஷீட்ல ஒவ்வொரு நோக்கத்துக்கும் பக்கத்துல நல்லா வரும்னா பச்சை, அரைகுறைன்னா மஞ்சள், வராதுன்னா சிவப்புன்னு கலர் அடிக்கணும், அந்த ஷீட்ட சுவத்துல ஒட்டணும். எல்லாம் ஒழுங்கா நடக்குது. ஆனா இன்னைக்கு என்ன கத்துக்கப் போறோம்னு கேட்டா போர்டப் பாத்து வாசிக்கிறாங்க, அழிச்சிட்டுக் கேட்டா முழிக்கிறாங்க. வேற்றினப் பின்னம், அதாவது பகுதி (கீழ இருக்கிற எண்) வேற வேறயா இருக்கிற பின்னம், அதோட கூட்டலுக்கு கிட்டத்தட்ட மொத்த கிளாஸும் பச்சை, அடுத்த வாரம் டெஸ்ட் வச்சா பாதிப் பேர் பகுதியையும் சேத்துக் கூட்டி வச்சிருக்காங்க. பசங்க பொய் சொல்றாங்களா, இல்ல நான் நடத்துறதுலதான் கோளாறா? ஒரு பையன் எல்லாத்துக்கும் சிவப்பு மட்டும்தான் அடிக்கிறான், அதுல சிலது அவனுக்கு நல்லாவே வரும்னு எனக்குத் தெரியும். பெத்தவங்க மார்க்கத் தவிர வேற எதுவும் கேக்குறதில்ல. நாப்பது பேர் இருக்கிற கிளாஸ்ல ஒவ்வொருத்தரும் எங்க இருக்காங்கன்னு நான் எப்படித்தான் பாக்குறது?

– ஒரு கணக்கு டீச்சர்

வணக்கம் டீச்சர்,

பசங்க பொய் சொல்லல, அத முதல்ல சொல்லிடறேன். பச்சை அடிக்கிற அந்த நிமிஷத்துல அவங்களுக்கு நிஜமாவே வருது. நீங்க போட்ட கணக்கு போர்டுலயே இருக்கு, நீங்க சொன்ன ஸ்டெப் காதுலயே இருக்கு, நோட்டத் திருப்பினா அதே மாதிரி நாலு கணக்குக்கு ரைட் வாங்கியிருக்கு, இதெல்லாம் சேந்து எனக்குத் தெரியும்ங்கிற ஒரு நிம்மதியக் குடுக்குது, அந்த நிம்மதியத்தான் அவங்க கலரா அடிக்கிறாங்க. பெரியவங்களும் இப்படித்தான் ஏமாறுறாங்க. 1991ல தாமஸ் நெல்சன், ஜான் டன்லாஸ்கின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை முடிவ வெளியிட்டாங்க. ஜோடி ஜோடியா வார்த்தைகளப் படிக்கச் சொல்லி, இது பின்னாடி உனக்கு ஞாபகம் வருமான்னு கேட்டாங்க. படிச்ச உடனே கேட்டப்ப அவங்க சொன்ன கணிப்பு சுமார்தான். கொஞ்ச நேரம் விட்டு, ஜோடியில ஒரு வார்த்தைய மட்டும் காட்டிக் கேட்டப்ப கணிப்பு ரொம்ப நல்லாப் பொருந்துச்சு. உடனே கேக்கும்போது படிச்சது மனசுல இன்னும் ஆறாம இருக்கு, அது தங்குமா போயிடுமான்னு கண்டுபிடிக்க அந்த நேரத்துல யாருக்கும் வழியில்ல.

அதனால உங்க ஷீட்ல கலர் அடிக்கிற நேரம் மாறணும், அடிக்கிறதுக்கு முன்னாடி அந்தக் குழந்தை எதையாவது சொந்தமா செஞ்சு பாத்திருக்கணும். புரிஞ்சுச்சான்னு கேட்டு வாங்குற டிக் எதுக்கும் உதவாது, இத நான் ரொம்ப உறுதியாவே சொல்வேன்.

சரி, போர்டுல எழுதுற நோக்கத்துக்கு வர்றேன். "வேற்றினப் பின்னங்களின் கூட்டலைப் புரிந்துகொள்ளுதல்" மாதிரிதானே எழுதியிருப்பீங்க? இந்த பாஷை பசங்களுக்காக உருவானதே இல்ல. கற்றல் நோக்கங்கள அறிதல், புரிதல், பயன்படுத்தல்னு படிப்படியாப் பிரிக்கிற, 1956ல வந்த ப்ளூமோட வகைப்பாடு, நம்ம ட்ரெயினிங்ல எல்லாரும் மனப்பாடம் பண்ணதுதான், அது காலேஜ் லெவல்ல தேர்வு நடத்துறவங்க தங்களுக்குள்ள கேள்விகளப் பரிமாறிக்க வசதியா இருக்கணும்னு ஆரம்பிச்ச வேலை. பெரியவங்க பெரியவங்களுக்காக எழுதின கணக்கு வழக்கு அது, லெசன் பிளானுக்கு அது ரொம்ப நல்ல கருவி, அத அப்படியே பன்னெண்டு வயசுக் குழந்தை நோட்ல காப்பி பண்ணி என்ன ஆகப் போகுது. 1962லயே ராபர்ட் மேகர்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் இதுல ஒரு முக்கியமான விஷயத்தச் சொல்லிட்டார், அறிதல் புரிதல்னு எழுதினா அத ஆளாளுக்கு ஒரு மாதிரி எடுத்துக்குவாங்க, அதனால மாணவன் என்ன செஞ்சு காட்டணும், எந்தச் சூழ்நிலையில, எந்த அளவுக்குச் சரியான்னு எழுதுங்கன்னார். ஸ்கூல் கேக்குதுன்னா போர்டுல எழுதிடுங்க, அதுல சண்டை வேணாம். பசங்கள காப்பி பண்ண வைக்கிறத மட்டும் நிறுத்திட்டு அந்த நேரத்த வேற ஒன்னுக்குக் குடுங்க.

என்னன்னு சொல்றேன். ராய்ஸ் சாட்லர்னு ஒரு ஆஸ்திரேலியக் கல்வியாளர் 1989ல எழுதின ஒரு கட்டுரைய நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். ஒரு மாணவன் முன்னேறணும்னா நல்ல வேலைன்னா எப்படி இருக்கும்னு அவனுக்குத் தெரியணும், தன்னோட வேலைய அதோட ஒப்பிட்டுப் பாக்கத் தெரியணும், நடுவுல இருக்கிற இடைவெளியக் குறைக்க அவன் ஏதாவது செய்யணும், இந்த மூணும் வேணும்கிறார் அவர். நம்ம கிளாஸ்கள்ல முதல் ரெண்டும் டீச்சர் கிட்டயே தங்கிடுது. நீங்க திருத்துறீங்க, நீங்க ஒப்பிடுறீங்க, பசங்களுக்கு ரைட்டும் தப்பும் மட்டும் போய்ச் சேருது. அப்படி இருக்கிறப்ப நோக்கம் அவங்களோடதா எப்படி ஆகும்?

உங்க பின்னத்தையே எடுத்துக்குவோம். பாடம் ஆரம்பிக்கிற அன்னைக்கு நோக்கம்னு ஒன்னும் எழுதாம போர்டுல ரெண்டு விடைய மட்டும் போடுங்க. ஒருத்தர் 1/2 + 1/3 = 2/5ன்னு போட்டிருக்கார், இன்னொருத்தர் 5/6ன்னு போட்டிருக்கார், யார் சரி, எப்படிச் சொல்றீங்க? ஸ்டெப் எதுவும் இன்னும் சொல்லித் தரல, அது பரவாயில்ல. கொஞ்ச நேரம் சலசலன்னு இருக்கும், அப்புறம் யாராவது ஒருத்தர் 2/5 அரையவிடச் சின்னதுன்னு கண்டுபிடிப்பாங்க, அஞ்சுல பாதி ரெண்டரை, இங்க ரெண்டுதான இருக்கு. அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தோம், சேத்தது எப்படி அரையவிடக் குறைஞ்சுது? யாருமே சொல்லலன்னா ஒரு கோடு போட்டு 1/2ஐயும் 2/5ஐயும் அதுல குறிக்கச் சொல்லுங்க, பாத்ததும் தெரிஞ்சிடும். அந்த இடத்துல நிறுத்தி, இந்த வாரம் நமக்கு என்ன தெரிஞ்சாகணும்னு அவங்களையே கேளுங்க. ஏன் பகுதியக் கூட்டக் கூடாது, அப்ப பகுதிய என்ன பண்றது, விடை வந்தா அது நியாயமான விடையான்னு எப்படி சோதிக்கிறது, இப்படி கேள்விகளா வரும். அந்தக் கேள்விகள்தான் அவங்க நோட்ல போகவேண்டிய நோக்கம். எல்லாப் பாடத்தையும் இப்படி ஆரம்பிக்க முடியாது, நேரம் பத்தாது, ஆனா பசங்க வழக்கமா வழுக்கி விழுற சாப்டர்களுக்காவது செய்யுங்க. இன்னொன்னு, சில பாடங்கள்ல நோக்கத்த முன்னாடியே சொல்லிட்டா ஆர்வமே போயிடும், முக்கோணத்தோட மூணு கோணத்தையும் கிழிச்சு ஒட்டி என்ன வருதுன்னு பாக்கிற கிளாஸ்ல, கூட்டுத்தொகை 180 டிகிரின்னு தலைப்பு போட்டுட்டு ஆரம்பிச்சா அப்புறம் கண்டுபிடிக்க என்ன இருக்கு? அன்னைக்குக் கடைசியில எழுதுங்க.

இப்ப ஷீட். சாப்டருக்கு அஞ்சாறு கேள்வி போதும், நோக்கத்தக் கேள்வியா மாத்தி எழுதினது. 1/4 + 2/3 போட்டுக் காட்டு, 3/5ன்னு ஒருத்தர் விடை சொன்னா அது ஏன் இருக்க முடியாதுன்னு ஒரு வரியில எழுது, இந்த மாதிரி. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துல மூணு கட்டம், தேதி எழுத. முதல் கட்டம் பாடம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, ரெண்டாவது பாடத்துல அந்த இடத்த நடத்தி ரெண்டு நாள் கழிச்சு, மூணாவது ரெண்டு வாரம் கழிச்சு. கிளாஸ் ஆரம்பத்துல அஞ்சு நிமிஷம், புத்தகம் நோட் எல்லாம் மூடிட்டு ஒரே ஒரு கேள்வி. செய்யுறதுக்கு முன்னாடி எனக்கு வரும் வராதுன்னு ஒரு குறி போட்டுக்கணும், செஞ்சப்புறம் நீங்க போர்டுல விடையப் போட, அவங்களே திருத்தி, எந்த இடத்துல மாறுச்சுன்னு நாலு வார்த்தை எழுதணும். அதுக்கப்புறம்தான் கலர். வரும்னு குறி போட்டது வராமப் போறதும், வராதுன்னு நினைச்சது வந்துடுறதும் கண்ணுக்கு நேரா தெரியுறப்ப, தன்னைத்தானே கணிக்கிறது கொஞ்சம் கொஞ்சமா சரியாகும். மூணாவது கட்டத்துக்குப் போடுற கேள்வியில எண்கள மாத்திடுங்க, இல்லன்னா விடையத்தான் ஞாபகம் வச்சிருப்பாங்க.

இப்படி மூடி வச்சு செஞ்சு பாக்கிறது முன்னேற்றத்த அளக்குறதோட நிக்கிறதில்ல, கத்துக்கிறதே அதுலதான் நடக்குது. ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006ல வெளியிட்ட ஆய்வுல காலேஜ் மாணவர்களுக்கு உரைநடைப் பகுதிகளக் குடுத்தாங்க, சிலத ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க, சிலத ஒரு தடவை படிச்சிட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பாக்கச் சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு சோதிச்சப்ப திரும்பப் படிச்சதுதான் முன்னாடி நின்னுச்சு. ஒரு வாரம் கழிச்சு, எழுதிப் பாத்ததுல 56 சதவீதம் ஞாபகம் இருந்துச்சு, திரும்பப் படிச்சதுல 42. உங்க கிளாஸ்ல சாப்டர் முடிஞ்ச அன்னைக்குப் பச்சையா இருந்தது அடுத்த வாரம் காணாமப் போனதும் இந்த வகைதான்னு எனக்குத் தோணுது.

நாப்பது பேர எப்படிப் பாக்குறதுன்னு கேட்டீங்க. எல்லாரையும் தினமும் பாக்காதீங்க, உடம்பு தாங்காது. ஷீட்ட நிரப்புறது அவங்க வேலை, நீங்க ஒரு நாளைக்கு எட்டு நோட் எடுத்தா ஒரு வாரத்துல எல்லாரும் முடிஞ்சிடும். எடுக்கும்போதும் கலரப் பாக்க வேணாம், அந்த நாலு வார்த்தையப் படிங்க, எங்க மாறுச்சுன்னு அவங்க எழுதினது. ஒரே காரணத்த பத்துப் பேர் எழுதியிருந்தா அது மறுநாள் மொத்த கிளாஸுக்கும் பேச வேண்டிய விஷயம், ரெண்டு பேர்னா பக்கத்துல உக்காந்து சொன்னாப் போதும். சுவத்துல ஒட்டுறத தயவுசெஞ்சு விட்டுடுங்க. பேரோட கலர் சுவத்துல ஏறுச்சுன்னா ஒவ்வொருத்தரும் பக்கத்துப் பேரத்தான் பாப்பாங்க, போன மாசத்துத் தன்னோட கட்டத்தப் பாக்க மாட்டாங்க.

மார்க் விஷயம் கஷ்டம்தான், பெத்தவங்க கிட்ட மார்க் பேசாதீங்கன்னு சொல்ல முடியாது. ரூத் பட்லர்னு ஒரு கல்வி ஆய்வாளர் 1988ல வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கு, அஞ்சாவது ஆறாவது பசங்கள மூணு குழுவா பிரிச்சு ஒரு குழுவுக்கு மார்க் மட்டும், ஒரு குழுவுக்கு எழுத்துல கருத்து மட்டும், இன்னொரு குழுவுக்கு ரெண்டும். கருத்து மட்டும் வாங்கினவங்களோட ஆர்வம், நல்லா படிக்கிறவங்க பின்தங்கினவங்க வித்தியாசம் இல்லாம நின்னுச்சு, வேலையும் நல்லா வந்துச்சு. ரெண்டும் வாங்கின குழுவுல கருத்தோட பலன் கிடைக்கல. நாம ராத்திரி உக்காந்து எழுதுற குறிப்ப பக்கத்துல இருக்கிற ஒரு நம்பர் அழிச்சிடுதுன்னா மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. அதனால இந்த அஞ்சு நிமிஷக் கேள்விக்கு மட்டும் எந்தக் காரணத்துக்கும் மார்க் போடாதீங்க, டெஸ்ட்டுக்குப் போடுங்க. பெத்தவங்க வர்றப்ப மார்க் ஷீட்டோட அந்தக் குழந்தையோட நோட்டையும் திறந்து வச்சு, முதல் கட்டத்துல என்ன எழுதியிருந்துச்சு, மூணாவதுல என்ன எழுதியிருக்குன்னு குழந்தையவே சொல்லச் சொல்லுங்க, அப்புறம் அவங்க கேக்குற கேள்வியே கொஞ்சம் மாறும்.

கடைசியா அந்தப் பையன். எல்லாத்துக்கும் சிவப்பு அடிக்கிறவன் அனேகமா தன்னைக் காப்பாத்திக்கிறான்னு நினைக்கிறேன். பச்சை அடிச்சு தப்பாப் போனா நாலு பேர் பாப்பாங்க, சிவப்புன்னா யாரும் எதுவும் எதிர்பாக்க மாட்டாங்க. ஷீட் சுவத்துல இருந்து இறங்கினாலே அவனுக்குப் பாதி பாரம் குறையும். அதுக்கு மேல, கொஞ்ச நாளைக்கு வர்ற கேள்விகள்ல அவனுக்கு நிச்சயமா வரும்னு உங்களுக்குத் தெரிஞ்ச ஒன்னு இருக்கிற மாதிரி பாத்துக்குங்க. அவன் வராதுன்னு குறி போட்டு, அப்புறம் சரியாச் செஞ்சிருந்தா, குட்னு சொல்லிட்டுப் போயிடாம, இத எப்படிக் கண்டுபிடிச்சன்னு கேளுங்க, அவன் சொல்றத அவன் கையாலயே அந்தக் கட்டத்துக்குப் பக்கத்துல எழுதச் சொல்லுங்க, கலர் என்ன அடிக்கிறதுன்னு அவனே முடிவு பண்ணிக்கட்டும்.