‘நெருப்புக் குதிரை’ ஆண்டு என்றால் என்ன? அதற்கு ஜப்பான் ஏன் அஞ்சியது?

சீன நாட்காட்டி ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு விலங்கையும் ஒரு மூலப்பொருளையும் சேர்த்துப் பெயரிடுகிறது. விலங்குகள் 12; மூலப்பொருள்கள் ஐந்து, ஒவ்வொன்றும் இரு ஆண்டுகளுக்கு வருவதால் 10. இவற்றை 10 பல், 12 பல் கொண்ட இரு சக்கரங்கள் இணைந்து சுழல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதே இரு பற்கள் மீண்டும் சந்திக்க 60 நகர்வுகள் வேண்டும். நம் பிரபவ முதல் அட்சய வரையிலான சுழற்சியும் 60 ஆண்டுகள்தான்.

அந்த வரிசையில் நெருப்பும் குதிரையும் கூடும் ஆண்டில் பிறந்த பெண் கணவனின் உயிரைக் குடிப்பாள் என்பது ஜப்பானில் வழங்கிய நம்பிக்கை. 17ஆம் நூற்றாண்டில், தீ வைத்ததற்காக எரித்துக் கொல்லப்பட்ட ஓஷிச்சி என்ற சிறுமி அவ்வாண்டில் பிறந்தவள் என்ற கதை அதற்கு வலுவூட்டியது.

ஜப்பானில் 1965இல் சுமார் 18.2 லட்சமாக இருந்த பிறப்புகள் நெருப்புக் குதிரை ஆண்டான 1966இல் 13.6 லட்சமாகச் சரிந்தன. மறு ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டின. எல்லோரும் நம்பினார்கள் என்பதில்லை. மகளுக்கு நாளை வரன் அமையாதே என்ற கவலையே பலரைத் தடுத்தது. செவ்வாய் தோஷம் பார்க்கும் வீடுகளுக்கு இந்த வேதனை புரியும்.

எல்லாக் குதிரை ஆண்டுகளுக்கும் இந்த அச்சம் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். 1978, 1990, 2002, 2014 ஆகியவையும் குதிரை ஆண்டுகளே, ஆனால் 1966க்குப் பின் நெருப்புக் குதிரை வருவது 2026இல்தான்.