முழங்காலை மடக்கிப் பிடித்தது ஏன்?

வணக்கம் அக்கா,

என் தங்கச்சியின் மகனுக்கு ஏழு மாதம். ஃபாலோ என்கிற பிறவி இதயக் குறைபாடு. ஒப்பரேஷன் திகதிக்குக் காத்திருக்கிறோம். போன கிழமை கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி கிளினிக்கில் இரத்தம் எடுக்கும்போது வீறிட்டு அழுது, உதடெல்லாம் நீலமாகிவிட்டது. தாதி மிஸ் ஓடிவந்து இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு மடக்கிப் பிடித்தார், நிறம் திரும்பியது. ஏன் அப்படிச் செய்தார்? தங்கச்சி இப்போது அவனை அழவே விடாமல் இராப்பகலாகத் தூக்கி வைத்திருக்கிறாள்.

வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சிக்கு,

அந்த மிஸ் செய்தது மிகச் சரி. ஃபாலோ உள்ள பிள்ளைக்கு நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழி ஒடுங்கியிருக்கும். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டையும் இருக்கும். வீறிட்டு அழும்போது அந்த வழி இன்னும் இறுகி, ஒட்சிசன் ஏறாத இரத்தம் ஓட்டையால் உடம்புக்குப் போய்விடும். முழங்காலை மடக்கினால் காலுக்குப் போகும் குழாய்கள் நெரிபட்டு, உடம்புப் பக்கத்து அழுத்தம் ஏறி, இரத்தம் நுரையீரல் பக்கம் திரும்பும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் ஓடிக் களைத்ததும் யாரும் சொல்லாமலே குந்துவதும் இதற்குத்தான்.

தாதியாக இருந்த காலத்தில் தாய்மாருக்கு நான் முதலில் காட்டிக் கொடுத்தது இதைத்தான். பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, ஒரு கையைப் பின்பக்கத்தில் கொடுத்து, முழங்கால் வயிற்றில் அழுந்தும்படி பிடிக்க வேண்டும். பதறாமல் மெல்லப் பேச வேண்டும். நம் பதற்றம் பிள்ளையை இன்னும் அழவைக்கும். காலையில் எழும்பும்போதும், பால் குடிக்கும்போதும், மலம் கழிக்கும்போதும் கூடுதல் கவனம் தேவை. சில நிமிடங்களில் நிறம் திரும்பாவிட்டால், துவண்டுவிட்டால், மயங்கினால், மடக்கிப் பிடித்தபடியே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சிணுங்கலுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். உங்கள் தங்கச்சியைத்தான் நினைத்துக் கவலைப்படுகிறேன். நித்திரையில்லாமல் அவள் எத்தனை நாள் தாங்குவாள்? அம்மம்மா, அப்பா, நீங்கள் எல்லோரும் பழகி, முறை வைத்துத் தூக்குங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. இந்தப் பிள்ளைகளின் இரத்தம் தடித்திருக்கும். வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சலால் உடம்பில் நீர் வற்றினால் அது இன்னும் தடித்து, மூளையில் கூடக் கட்டிபடலாம். ஆகவே ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று விடாமல் அன்றைக்கே காட்டுங்கள்.

அடுத்த கிளினிக்கில் தங்கச்சியையே பிடித்துக் காட்டச் சொல்லி, சரியா என்று மிஸ்ஸிடம் கேளுங்கள். சிங்களம் சிரமம் என்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.