அம்மாவின் சாமான்களை என்ன செய்வது?

கேள்வி: அம்மாவுக்கு வருஷ திதி கொடுத்தாகிவிட்டது. மஞ்சக்குப்பம் வீட்டை வாடகைக்கு விடலாம் என்கிறான் தம்பி. பரணில் இரண்டு ட்ரங்குப் பெட்டி, பித்தளை அண்டா, தவலை, அம்மாவின் கூறைப்புடவை, போட்டோ ஆல்பங்கள் இருக்கின்றன. “எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடலாம்க்கா” என்கிறான். எனக்கு ஒரு கரண்டியைக்கூடக் கொடுக்க மனசு வரவில்லை.
– வாசகி, கடலூர்

பதில்: தம்பியிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவருக்கும் அம்மாதானே. ஆனால் அந்தப் பரணில் கடைசியாக எப்போது ஏறிப் பார்த்தீர்கள்? நம் பக்கத்து உப்புக்காற்றுக்கும் ஈரத்துக்கும் பரணில் போட்ட எதுவும் தப்புவதில்லை. 2011 தானே புயலில் கூரை போய், 2024-ல் ஃபெஞ்சலுக்குப் பிறகு தென்பெண்ணைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, பத்திரமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த சாமான்களை வாரிக் கொட்டிய குடும்பங்கள் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. கெட்டுப்போன பிறகு கொடுக்க எதுவும் மிஞ்சாது, அதனால் முதலில் எல்லாவற்றையும் கீழே இறக்குங்கள்.

புடவையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், யாரையும் கேட்க வேண்டாம். பிளாஸ்டிக் கவர் கூடாது, பழைய வேட்டியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி மடியுங்கள், இல்லாவிட்டால் பட்டு மடித்த இடத்திலேயே விட்டுவிடும். சரிகை மேல் அந்துருண்டை படக்கூடாது. நல்ல நாளில் கட்டுங்களேன்.

பித்தளை வேறு. எடைக்குப் போட்டால் பித்தளை விலைதான் கிடைக்கும், அம்மா கை பட்ட தவலை என்று எந்தக் கடைக்காரரும் கூடுதலாகக் கொடுக்கப்போவதில்லை. தவலைக்கு ஈயம் பூசி அடுப்பில் ஏற்றுபவர் சொந்தத்தில் இருந்தால் அவருக்குக் கொடுங்கள். அண்டாவை அன்னதானம் நடக்கும் இடத்தில் கேட்டுப் பாருங்கள். 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிற வடலூர் உங்களுக்கு எவ்வளவு தூரம்?

எனக்குக் கவலை ஆல்பத்தைப் பற்றித்தான். ஒட்டுகிற பக்கம் வைத்து மேலே பிளாஸ்டிக் தாள் மூடிய ஆல்பமா என்று பாருங்கள், அந்தப் பசையே போட்டோவை மஞ்சளாக்கித் தின்றுவிடும். சுலபமாக வருவதை மட்டும் எடுங்கள், வராததை இழுக்காமல் அப்படியே செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். அப்புறம் பெரியம்மாவோ சித்தியோ, பழைய ஆட்களை அடையாளம் தெரிந்தவர் ஒருவரை உட்கார வைத்து, இது யார், எந்த ஊர், யாருடைய கல்யாணம் என்று கேட்டு போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள் (பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்). அம்மா பக்கத்தில் நிற்பது யார் என்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டால், நாளைக்கு அவர்களே அதை எடைக்குப் போடுவார்கள். இதற்குத் தம்பியையும் கூப்பிடுங்கள், எழுத ஒரு ஆள் வேண்டுமே.

கரண்டிகளா? ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

கேள்வி: தாத்தாவின் ட்ரங்குப் பெட்டி நிறைய பிரெஞ்சில் எழுதிய காகிதங்கள். வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. பெட்டியோடு சண்டே மார்க்கெட்டில் தள்ளிவிடலாம் என்கிறார் அப்பா.
– வாசகர், புதுச்சேரி

பதில்: ஐயோ, கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்! 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்களுக்கு அது தொடர்ந்தது. உங்கள் தாத்தா கொடுத்தாரோ இல்லையோ, அந்தக் காகிதங்களைப் பார்த்தால்தான் தெரியும். பிறப்பு, திருமணப் பதிவு, ராணுவ பென்ஷன், வீட்டுப் பத்திரம் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம், குடியுரிமை விஷயத்தில் இன்றைக்கும் அவை கேட்கப்படுகின்றன. பிரெஞ்சு தெரிந்த வாத்தியார் ஒருவரிடம் காட்டிப் பிரித்து வையுங்கள், புதுச்சேரியில் அதற்கா பஞ்சம்! காலிப் பெட்டியை வேண்டுமானால் அப்பா விற்றுக்கொள்ளட்டும்.