பையன் சொன்னது பாதிக் கதை

ஐயா, வணக்கம்.

விமானப் பராமரிப்பு படிக்கும் உங்கள் மகன், இரண்டாம் ஆண்டில் வந்து “பைலட்தான் ஆவேன்” என்று பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். “யாரோ ரஷ்யாக்காரனாம், பொக்ரிஷ்கினாம், மெக்கானிக்காக இருந்து சண்டை விமானம் ஓட்டினானாம்” என்று எரிச்சலோடு எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். பையன் பொய் சொல்லவில்லை. பாதியைத்தான் சொல்லியிருக்கிறான்.

அலெக்சாண்டர் பொக்ரிஷ்கின் 1913-இல் இன்றைய நோவோசிபிர்ஸ்க்கில் பிறந்தவர். அப்பா பேச்சை மீறி வீட்டை விட்டுப் போய்த் தொழிற்பள்ளியில் சேர்ந்தார் (இதை மட்டும் மகனிடம் சொல்ல வேண்டாம்). அப்புறம், பறக்கலாம் என்று நம்பி விமானப் பள்ளிக்குப் போனால், அங்கே விமானி வகுப்பையே மூடிவிட்டு எல்லாரையும் மெக்கானிக் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். மனு மேல் மனு போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. நல்ல மெக்கானிக்கை யார் விடுவார்கள்?

உங்கள் மகன் தாவிப் போகிற இடம் இதுதான். 1934 முதல் 1938 வரை அவர் சீனியர் மெக்கானிக். அந்த நாலு வருடமும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கவில்லை. ஆர்-5 விமானத்துக்கும் ஷ்காஸ் இயந்திரத் துப்பாக்கிக்கும் புதிய திருத்தங்களை யோசித்துக் கொடுத்தார். 1938-இல் விடுப்பு கிடைத்ததும் பறக்கும் கிளப்புக்கு ஓடி, 17 நாளில் பயிற்சியை முடித்துவிட்டார். பையன் அந்த 17 நாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். கையில் கிரீஸோடு போன நாலு வருடத்தை விட்டுவிட்டான்.

1941 ஜூன் 22, ஜெர்மனி சோவியத் யூனியன்மேல் படையெடுத்த போரின் முதல் நாள். மிக்-3 சண்டை விமானத்தில் போனவர் முதலில் சுட்டு வீழ்த்தியது சொந்த நாட்டு சூ-2 விமானத்தை. அப்படி ஒன்றை அதுவரை அவர் பார்த்ததே இல்லை, எதிரி என்று நினைத்துவிட்டார். அதற்குப் பிறகும் அவர் தேறி வந்ததற்குக் காரணம் வீரம் மட்டுமில்லை என்பது என் எண்ணம். ஒவ்வொரு சண்டையையும் படம் வரைந்து, எங்கே பிசகியது என்று பார்ப்பார். “உயரம், வேகம், திருப்பம், சுடுதல்” என்ற அவருடைய சூத்திரம் அப்படித்தான் பிறந்தது. 1943-இல் தெற்கு ரஷ்யாவின் குபான் பகுதி வானத்தில் அது நன்றாக வேலை செய்தது. அங்கே அவர் ஓட்டியது அமெரிக்கா கொடுத்த ஏரகோப்ரா சண்டை விமானம். அதில் பீரங்கிக்கு ஒரு பொத்தான், இயந்திரத் துப்பாக்கிகளுக்கு இன்னொன்று. வயரிங்கை மாற்றி, எல்லாம் ஒரே பொத்தானில் சுடும்படி செய்துகொண்டார். இது ஒரு மெக்கானிக்குக்குத் தோன்றுகிற யோசனை.

அவர் வீழ்த்தியதாகக் கணக்கில் உள்ளவை 59 விமானங்கள், மூன்று முறை சோவியத் யூனியனின் வீரர் பட்டம், 1972-இல் ஏர் மார்ஷல். நடுவில் 1942-இல் மேலதிகாரியோடு தகராறு, பதவியும் போய், கட்சியை விட்டும் நீக்கினார்கள். பிறகு எல்லாம் திரும்பக் கிடைத்தது. அவரோடு தொடங்கிய பலர் உயிரோடு திரும்பவில்லை. சுவரில் ஒட்டுகிற படத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். படிப்பை நிறுத்த விடாதீர்கள், பைலட் ஆசையையும் வெட்டாதீர்கள். எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் பணம் கட்டும் முன் டிஜிசிஏ (நம் நாட்டு விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பு) அங்கீகரித்த டாக்டரிடம் விமானிகளுக்கான இரண்டாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனை எடுக்கச் சொல்லுங்கள், அடுத்தது முதல் வகுப்பு. அதில் தேறினால் என்னிடம் அனுப்புங்கள், செலவுக் கணக்கைச் சேர்ந்து போடலாம். வரும்போது அந்த ஏரகோப்ரா வயரிங்கை ஒரு தாளில் வரைந்து கொண்டுவரச் சொல்லுங்கள்.