டெக்சாஸில் போலீஸ் நிறுத்தினால், இடுப்பில் துப்பாக்கி இருப்பதை எப்போது சொல்வது?

நண்பரே, சட்டத்தைக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் வலது இடுப்பில் துப்பாக்கி, அதே பக்கப் பின்பாக்கெட்டில் பர்ஸ் என்றும் எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதை மாற்றுங்கள்; பர்ஸை எடுக்கக் கை போனால் துப்பாக்கியை எடுப்பதுபோல் தெரியும். டிரைவிங் லைசென்ஸ், எல்டிசி (கைத்துப்பாக்கி வைத்திருப்பதற்கான டெக்சாஸ் உரிமம்), இன்சூரன்ஸ் மூன்றையும் சன்வைசரில் செருகி வையுங்கள்.

டெக்சாஸில் அதிகாரி அடையாள அட்டை கேட்டால், துப்பாக்கி உங்களிடம் இருக்கும்போது, எல்டிசியையும் சேர்த்துக் காட்ட வேண்டும். மிச்சிகன் பக்கம் போனால் கேட்கும் வரை காத்திருக்க முடியாது, நிறுத்தியதுமே சொல்லியாக வேண்டும்.

நான் எங்கே இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நல்லது என்பேன். இரவானால் உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு, “எனக்கு எல்டிசி இருக்கிறது, துப்பாக்கி வலது இடுப்பில், என்ன செய்யட்டும்?” என்று கேட்டுவிட்டு அப்படியே இருங்கள். எடுத்த எடுப்பில் ‘கன்’ என்ற வார்த்தையோடு ஆரம்பிக்காதீர்கள், உரிமத்தை முதலில் சொல்லுங்கள். 2016இல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல், அவரும் பெர்மிட் உள்ளவர்தான், துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொன்னார். சில நொடிகளில் சுடப்பட்டார். சுட்ட அதிகாரி விடுதலையானது வேறு கதை. அதனால் சொன்னால் மட்டும் போதாது, அவர் சொல்லும் வரை கை ஸ்டீயரிங்கை விட்டு நகரக் கூடாது.

அப்புறம், துப்பாக்கியை வாங்கி வைக்க நினைத்தால் அவரே எடுக்கட்டும், நீங்கள் உருவிக் கொடுக்காதீர்கள்.