படகில் கழிவுத் தொட்டி எதற்கு? அதை எப்படிக் காலி செய்வது?

படகு மலசலகூடத்தில் இருந்து வருவதைக் கரை சேரும்வரை பிடித்து வைக்கும் மூடிய தொட்டிதான் இது.

ஏன் பிடித்து வைக்க வேண்டும்? திருகோணமலை உள் துறைமுகம் ஏறக்குறைய நாலு பக்கமும் நிலம் சூழ்ந்தது. அங்கே விட்டது லேசில் வெளியே போகாது. நிலாவெளிப் பக்கம் புறாத் தீவின் பவளப்பாறைகள் வேறு இருக்கின்றன. கப்பல்கள் கடலை மாசாக்காமல் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையான மார்போல், பெரிய கப்பல்களையே, சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீற்றர், தாண்டித்தான் விடச் சொல்கிறது.

வீட்டு மலக்குழியை நினைத்துப் பாருங்கள். மேலே காற்றுக்குழாய் நிற்கும், நிரம்பினால் பவுசர் வந்து உறிஞ்சும். படகிலும் அதேதான். ஆனால் இங்கே நீரை இழுக்க மண் இல்லை, சீக்கிரம் நிரம்பிவிடும். முக்கால்வாசி ஆனதுமே காலி செய்யுங்கள். மேல்தள மூடியைத் திறந்து, உறிஞ்சும் குழாயை மாட்டி உறிஞ்சியதும், இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி மறுபடி உறிஞ்சுங்கள். அடியில் படிந்த சேறு அப்போதுதான் வரும். அப்புறம் காற்றுக்குழாய் வாயில் உப்புக் கட்டியிருந்தால் மெல்லிய கம்பியால் குத்தி எடுத்துவிடுங்கள்.

நாற்றம் அந்தக் குழாயால்தான் வருகிறதென்று அதை அடைப்பவர்கள் உண்டு. காற்று இல்லாதபோதுதான் அழுகிய முட்டை வாடை தரும் கிருமிகள் பெருகும், உறிஞ்சும்போது தொட்டியும் நசுங்கலாம்.