குளுட்டமைன் இருக்கும்போது புரோலின் எதற்கு? ஈஸ்டின் நைட்ரஜன் கட்டுப்பாடு: கேள்வி பதில்

கே: "நைட்ரஜன் சிதைமாற்ற அடக்கம்" என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். செல்லுக்குள் என்னதான் நடக்கிறது?

ப: சாக்கரோமைசிஸ் செரிவிசியே ஈஸ்ட், நைட்ரஜன் எவ்வளவு கிடைக்கிறது என்பதோடு எந்த வடிவில் கிடைக்கிறது என்பதையும் பார்க்கிறது. குளுட்டமைனோ அஸ்பராஜினோ கிடைத்தால், மட்டமான மூலங்களான புரோலின், அலன்டாயின், யூரியா ஆகியவற்றை உள்ளே இழுத்து உடைக்கும் புரதங்களின் மரபணுக்களை மூடிவைக்கும். அந்த மரபணுக்களின் முன்பகுதியில் ஜி-ஏ-டி-ஏ-ஏ-ஜி என்ற வரிசை, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை, இருக்கும். அதைப் பிடிப்பவை நான்கு புரதங்கள். ஜிஎல்என்3, கேட்1 இரண்டும் முடுக்கும். டால்80, ஜிஇசட்எஃப்3 இரண்டும் அடக்கும்.

நல்ல நைட்ரஜன் உள்ளவரை ஜிஎல்என்3 யூரி2 என்ற புரதத்தோடு சைட்டோபிளாசத்திலேயே தங்கிவிடும். மட்டமான மூலத்துக்கு மாற்றினால் உட்கருவுக்குள் போகும். கேட்1, டால்80 இரண்டின் மரபணுக்களும் இதே கட்டுப்பாட்டில்தான் உள்ளன. முடுக்கியும் அடக்கியும் சேர்ந்தே எழுவதால் ஒரே ஒரு நேரப்புள்ளியில் மாதிரி எடுத்து முடிவு சொல்லாதீர்கள். 0, 15, 30, 60, 120 நிமிடங்களிலாவது எடுங்கள்.

கே: எம்.எஸ்சி. ஆய்வுக்காகக் குளுட்டமைனிலிருந்து புரோலினுக்கு மாற்றிப் பார்க்கப் போகிறேன். ஊடகம் எப்படித் தயாரிப்பது? எங்கே தவறு நேரும்?

ப: அமினோ அமிலமும் அம்மோனியம் சல்பேட்டும் இல்லாத ஈஸ்ட் நைட்ரஜன் பேஸ் (உப்புகளும் வைட்டமின்களும் கலந்த ஊடகப் பொடி) லிட்டருக்கு 1.7 கிராம், குளுக்கோஸ் 20 கிராம். இதோடு நைட்ரஜன் மூலம் ஒன்றே ஒன்று: குளுட்டமைன் 1 கிராம், அல்லது புரோலின் 1 கிராம், அல்லது அம்மோனியம் சல்பேட் 5 கிராம். டப்பாவில் லிட்டருக்கு 6.7 கிராம் என்று போட்டிருந்தால் அதில் அம்மோனியம் சல்பேட் ஏற்கெனவே கலந்திருக்கிறது. பல சோதனைகள் கெடுவது இந்த டப்பாவால்தான்.

குளுட்டமைனை ஆட்டோகிளேவ் செய்யாதீர்கள், சூட்டில் உடைந்து அம்மோனியா வரும். 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அன்றன்றைக்குச் சேருங்கள். யூரியாவுக்கும் இதே கவனம் வேண்டும்.

லூசின், ஹிஸ்டிடின், யுராசில் கேட்கும் விகாரங்கள் இங்கே வேண்டாம். அவற்றுக்காகச் சேர்ப்பதும் நைட்ரஜன் கொண்டதுதான்; எதையும் கேட்காத முழுத்திறன் விகாரத்தையே எடுங்கள். மைட்டோகாண்ட்ரியா பழுதான 'பெட்டிட்' செல்களும் ஆகாது. புரோலினை உடைக்கும் புட்1 நொதி மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜன் இருந்தால்தான் வேலை செய்யும். குலுக்கியில் பிளாஸ்க்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாததும் இதனால்தான்.

அம்மோனியத்தில் வளரும் ஈஸ்ட் ஊடகத்தை வேகமாக அமிலமாக்கும், புரோலினில் அப்படி ஆகாது. ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டுக்கும் லிட்டருக்கு 10 கிராம் சக்சினிக் அமிலம், 6 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, அமிலத்தன்மை மாறாதபடி தாங்கல் கொடுங்கள்.

ஒளியடர்த்தி 0.5 அளவில் செல்களை 0.45 மைக்ரான் சவ்வில் வடித்து, வெதுவெதுப்பான நைட்ரஜனற்ற ஊடகத்தால் கழுவிப் புரோலின் ஊடகத்துக்கு மாற்றுங்கள். மையவிலக்கி வேண்டாம்; அதில் சுற்றும் நேரத்திலேயே செல் பட்டினியை உணர்ந்துவிடும்.

கே: எந்த மரபணுவை அளப்பது? புட்1 போதுமா?

ப: போதாது. புட்1-க்குப் புரோலினால் தூண்டப்படும் புட்3 என்ற தனி முடுக்கியும் உண்டு. தூண்டல் எது, அடக்கம் நீங்கியது எது என்று பிரிக்க முடியாது. நைட்ரஜன் அடக்கத்துக்கு உட்பட்டு, தூண்டுபொருள் தேவைப்படாத டால்5 மரபணு தெளிவான சான்று. ஒப்பீட்டு மரபணுவாக ஆக்டினை மட்டும் நம்ப வேண்டாம். ஏஎல்ஜி9, டாஃப்10 இரண்டையும் சேருங்கள். புரோலினில் வளர்ச்சியும் மந்தமாகும், ரைபோசோம் மரபணுக்கள் இறங்குவது பெரும்பாலும் அதனால்தான். அதை நைட்ரஜன் அடக்கத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

கே: எங்கள் எஸ்288சி விகாரத்தில் அம்மோனியம் கொடுத்தும் கேப்1 (அமினோ அமிலங்களை உள்ளே இழுக்கும் புரதத்தின் மரபணு) அடங்கவில்லை.

ப: எதிர்பார்க்க வேண்டியதுதான். சிக்மா1278பி விகாரத்தில் அம்மோனியம் வலுவாக அடக்கும், எஸ்288சி வழிவந்தவற்றில் அப்படியில்லை. குளுட்டமைனை வைத்துச் சரிபாருங்கள்.

கே: ராபமைசின் கொடுப்பது நைட்ரஜன் பட்டினிக்குச் சமமா?

ப: இல்லை. மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம் கொடுத்தால், ஊட்டச்சத்து நிலையை உணர்ந்து வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் டார்க்1 என்ற புரதக் கூட்டு முடங்கி ஜிஎல்என்3 உட்கருவுக்குப் போவது உண்மை. அந்த வழிக்கு சிட்4, பிபி2ஏ என்ற பாஸ்படேஸ்கள் (புரதங்களிலிருந்து பாஸ்பேட்டை நீக்கும் நொதிகள்) இரண்டும் தேவை. குளுட்டமைன் தயாரிப்பைத் தடுக்கும் மெத்தியோனின் சல்ஃபாக்சிமின் கொடுத்தாலும் ஜிஎல்என்3 உள்ளே போகும், ஆனால் அதற்கு இவை தேவையில்லை. சென்று சேரும் இடம் ஒன்றானாலும் பாதை வேறு.

கே: ஜிசிஎன்4 என்ற மரபணு முடுக்கியின் கட்டுப்பாடும் இதேதானா?

ப: வேறு. அமினோ அமிலம் ஏறாத டிஆர்என்ஏ, ஜிசிஎன்2 கைனேஸைத் தூண்டும். அதனால் ஜிசிஎன்4 புரதம் கூடுதலாகத் தயாராகும். அது அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் மரபணுக்களை எழுப்பும்.

கே: ஒயின் நொதித்தலில் இதற்கு என்ன பங்கு?

ப: பெரிய பங்கு. திராட்சைச் சாற்றின் ஆர்ஜினினை ஈஸ்ட் உடைக்கும்போது யூரியா வெளியேறும். நல்ல நைட்ரஜன் மிச்சமிருந்தால் யூரியாவை உடைக்கும் டூர்1,2 மரபணு அடங்கியே இருக்கும். தேங்கிய யூரியா ஆல்கஹாலோடு மெல்ல வினைபுரிந்து, புற்றுநோய் ஐயம் உள்ள எத்தில் கார்பமேட் ஆகும். சூடான கிடங்கில் இன்னும் வேகமாக. கனடா 1985-இலேயே லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. டை அம்மோனியம் பாஸ்பேட் லிட்டருக்கு 1 கிராம் போட்டால் சுமார் 210 மில்லிகிராம் நைட்ரஜன் கூடும். சாற்றை அளந்து, ஈஸ்டுக்குப் பயன்படும் நைட்ரஜன் லிட்டருக்கு 140 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மட்டும், நொதித்தலின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சேருங்கள். பிறகு ஆல்கஹால் ஏற ஏற ஈஸ்ட் அதை எடுத்துக்கொள்ளாது.

கே: யூரி2 மரபணு வரிசை சரியாகவே இருக்கிறது, ஆனாலும் அம்மோனியத்தில் டால்5 திறந்தே கிடக்கிறது!

ப: யூஆர்இ3 பிரியானாக (தன் உருவத்தை மற்ற புரதங்களுக்கும் தொற்றவைக்கும் உருமாறிய புரதமாக) இருக்கலாம். 1971-இல் லக்ரூட் விவரித்த இந்த விநோதப் பரம்பரைக் குணம், யூரி2 புரதமே உருமாறித் திரள்வதால் வருவது என்று 1994-இல் விக்னர் முன்வைத்தார். திரண்ட யூரி2-ஆல் ஜிஎல்என்3-ஐத் தடுத்து நிறுத்த முடியாது. 3 முதல் 5 மில்லிமோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடு உள்ள தட்டில் சில முறை மாற்றி வளர்த்து, தனித்தனிக் காலனிகளில் டால்5-ஐ மறுபடி அளந்து பாருங்கள். அடக்கம் திரும்பினால் பிரியான்தான். திரும்பாவிட்டால் ஜிஎல்என்3 மரபணுவையும் வரிசைப்படுத்திப் பாருங்கள்.